உன் வாசலில் நின்ற வேட்பாளர்

இல்லை, அழவில்லை. பொறாமைப்பட்டேன். இலங்கையிலிருந்து அப்பா உன் இறுதி ஊர்வலத்தை வீடியோ காலில் காட்டியபோதும் அதுதான். தெருவே உன் பின்னால் நடந்தது. நான் இங்கே, அடி அண்ணாமலை அகதி முகாமில், சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று பார்த்தேன்.

என் போர்வையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தூங்கிய என் அக்காவே,

நாம் இருவருமே இந்த முகாமில் பிறந்தவர்கள். அங்கே போர் முடிந்து சில வருஷத்தில் அப்பா ஊர் திரும்பினார். நீயும் கிளம்பினாய். நான் காலேஜ் படிப்பென்று அம்மாவுடன் தங்கிவிட்டேன். போனால் இங்கே திரும்பி வரமுடியாது என்று தெரிந்துதான் போனாய்.

அதன்பின் வந்த பத்து வருஷம் முழுக்க உனக்கே கிடைத்தது. ராணுவம் பிடித்து வைத்திருந்த நம் நிலத்துக்கு எதிரே, தார்ப்பாய்க்குக் கீழே, மற்றப் பெண்களோடு போராட்டத்தில் உட்கார்ந்தாய். ஆட்சி மாறியது. முள்வேலி கொஞ்சம் பின்வாங்கியது. மறுபடி ஆட்சி மாறியது. உளவுத்துறை ஆட்கள் வீடு தேடி வந்து உன் பெயர் விசாரித்தார்கள். எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜில் அனுப்பினாய். பயந்தேன், உண்மை. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது.

அதையே நான் எம்.ஏ.வில் கட்டுரையாக எழுதினேன். போருக்குப் பிந்தைய சமூக, அரசியல் மாற்றங்கள். "நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கம்மா" என்றார் பேராசிரியர். பார்த்தது நீ. எனக்கு அடிக்குறிப்புகள்.

உன் பேச்சுகூட மாறிவிட்டது. இங்கே "போறேன்டி" என்றவள் அங்கே "போறன்" ஆனாய். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரைப் பற்றி நீ சொன்னது: "வாசல்லயே வெயிலுக்க நிப்பாட்டி வச்சுக் கேட்டனடி, எங்கட காணி எங்க எண்டு. மனுசனுக்கு வேர்த்து வடிஞ்சுது." பிறகு சிரித்தாய். அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சந்தோஷத்தில் இல்லை.

இப்போது இங்கே தேர்தல். நேற்றுப் பிரசார ஆட்டோ ஒன்று முகாம் முகப்புவரை வந்தது. மைக் அணைந்தது. பையன் ஒருவன் தலையை நீட்டினான்.

"யக்கா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. வண்டி ரிவர்ஸ் எடுக்கணும்."

"உள்ள வரலியா?"

"உள்ள கேம்ப்புக்கா. ஓட்டு இல்லியே."

"நோட்டீஸாவது குடு."

"வேஸ்ட் ஆயிடும்க்கா. எங்களுக்கே கம்மியாதான் குடுத்தாங்க."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் வலித்தது. நான் ஓரமாக நின்றேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "உன்ர அக்கா எண்டால் இவனைச் சும்மா விட்டிருப்பாளே?"

செத்த பிறகும் நீயே ஜெயிக்கிறாய்.

சாயங்காலம் அப்பா பேசினார். "அக்காட வீடு சும்மா கிடக்குது பிள்ளை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாவன். இஞ்ச வந்தால் உனக்கும் ஓட்டு இருக்கு." தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். அம்மா உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள்.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார். உன் வீடு. உன் நிலம். சந்தைக்குப் போனால் நான் உன் தங்கச்சி. அந்த வேட்பாளர் மறுபடி வந்தாலும் உன்னைப் பற்றித்தான் பேசுவார். நான் வாழாத பத்து வருஷத்தின் மிச்சத்தில் போய்க் குடியேறச் சொல்கிறார்கள். அப்பாவின் தனிமையைவிடவா என் பொறாமை பெரிது? அல்லது இது பொறாமையே இல்லையா?

எனக்குத் தெரிந்த ஊர் மலையைச் சுற்றும் இந்த ரோடுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரெல்லாம் நம் முகாமைக் கடந்து நடக்கிறது. யாரும் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னதில்லை, அந்த ஆட்டோவைத் தவிர. இங்கேயே ஒருவரை வெயிலில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் எனக்கு.

அதனால் உன் இடத்துக்கு வரமாட்டேன். எனக்கென்று ஒரு வாசல் கிடைக்கும்வரை உன்மேல் பொறாமைப்படுவதையும் விடமாட்டேன். சத்தியமாக.

சீக்கிரமே உன் வயதைத் தாண்டப்போகும்
உன் தங்கச்சி

இதை எழுதி முடித்ததும் அம்மாவிடம், "நீ போய் அப்பாவோட இரு, நான் வரல" என்றேன். அவள் பெட்டியிலிருந்து என் துணிகளை மட்டும் எடுத்து வெளியே வைத்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறிப் போய், இந்தியக் குடியுரிமை கேட்டு மனு கொடுத்தேன்.