கிசுகிசுக்கும் குடும்பம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நம்பு.

நேற்று நான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் ஒரு கூத்து. பூனைபோல் நுழைந்து, சமையல்காரர் காதருகே மெதுவாக "அண்ணே" என்றேன். மனுஷன் அலறியதில் கையிலிருந்த தட்டோடு முப்பது முட்டையும் தரையில்.

"உங்க வீட்ல யாரும் வாயைத் திறந்தே பேச மாட்டீங்களாடா?" என்று கத்தினார்.

அப்போதுதான் உறைத்தது. அப்பா மனம் ஒடிந்து படுத்த இந்த இரண்டு வருஷத்தில் அவருக்குத் தொந்தரவாகக் கூடாதென்று நாம் எல்லோருமே கிசுகிசுக்கப் பழகிவிட்டோம். தங்கை தும்முவதற்குக்கூட வாசலுக்கு ஓடுகிறாள். டாக்டர் மாத்திரைதானே எழுதினார், மௌனவிரதமா எழுதினார்?

இனிமேல் வீட்டில் சத்தமாகப் பேசுங்கள். நீயும் தங்கையும் பழையபடி சண்டை போடுங்கள். அப்பா "என்ன அங்க சத்தம்?" என்று அதட்டினால், உடனே போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. அவரிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது.

வேலைக்கு ஏற்றிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் மகன்