குலே நுவார் சந்திப்பில் கழற்ற வைக்கப்பட்ட முகமூடி

அனுப்புநர்:
ஓதில் வெரெட்,
பழைய ஆலைச் சாலை,
குலே நுவார்,
செயின்ட் அர்மாந்த் மாவட்டம், லூசியானா.

பெறுநர்:
மாவட்ட ஷெரிஃப் அவர்கள்,
ஷெரிஃப் அலுவலகம்,
செயின்ட் அர்மாந்த் மாவட்டம்.

பொருள்: 12ஆம் தேதி நடந்த முகமூடி ஓட்டத்தின்போது தங்கள் அதிகாரி ஊரார் முன்னிலையில் என் முகமூடியைக் கழற்ற வைத்தது, பின்னர் தங்கள் அலுவலகம் என் படத்தை என்னைக் கேட்காமல் வெளியிட்டது ஆகியவை குறித்து நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குலே நுவார் நெல் உலர்த்தும் ஆலையில் எடைமேடைப் பணியாளராக இருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஆலைக்குப் பின்புறம் வயல் இறால் வேகவைத்துக்கொண்டிருந்தபோது எரிவாயு உருளை வெடித்ததில் என் முகத்தின் வலப்பக்கமும் கழுத்தும் வெந்துபோயின. இரக்கம் வேண்டி இதைக் குறிப்பிடவில்லை. இது தெரியாவிட்டால் கீழே வருவது தங்களுக்கு விளங்காது என்பதால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

2. அறுவடை முடிந்த கையோடு எங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் முகமூடி ஓட்டம் தாங்கள் அறியாததல்ல. தவக்காலத்துக்கு முந்தைய மார்டி கிரா திருநாளில் நம் முன்னோர் கூம்புத் தொப்பியும் குஞ்சம் வைத்த ஒட்டுத்துணிச் சட்டையும் கம்பிவலை முகமூடியும் அணிந்து வீடு வீடாக ஓடி, கம்போ குழம்புக்குக் கோழியும் அரிசியும் கேட்டு வாங்கியதன் நினைவாகவே இப்பந்தயம் நடத்தப்படுகிறது. பத்து கிலோமீட்டர் தூரத்தையும் முகமூடியோடுதான் ஓட வேண்டும். ஓடுவது யார் என்று வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. இதற்குத் தங்கள் அலுவலகமே இவ்வாண்டும் அனுமதி வழங்கியுள்ளது.

3. விபத்துக்குப் பின் ஆண்டு தவறாமல் இதில் ஓடி வருகிறேன். வெந்த தோலில் வெயில் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கம்பிவலையில் காற்றும் வரும், உரசலும் இல்லை. இவை வெளிக்காரணங்கள். உண்மையான காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அந்த ஒரு மணி நேரம் சாலையோரத்தில் நிற்பவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். "ஏய் பச்சத் தொப்பி, நீ வர்றதுக்குள்ள கொழம்பு ஆறிடும் போலிருக்கே!", "யாருடா அது, வாத்து மாதிரி ஓடுது?" என்றெல்லாம் கூவுவார்கள். மற்ற நாட்களில் இவ்வூரில் என்னை யாரும் கிண்டல் செய்வதில்லை, ஐயா. கடையில் வரிசையில் நின்றால்கூட வழிவிட்டுவிடுகிறார்கள்.

4. இவ்வாண்டு ஆறாவது கிலோமீட்டரில், தேவாலயச் சந்திப்பில், பெண்களில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே போக்குவரத்தை நிறுத்துவதற்காக நியமிக்கப்பட்டிருந்த தங்கள் அதிகாரி திரு. டேன் ஸ்டெல்லி சாலையின் நடுவே வந்து கையை நீட்டி என்னை மறித்தார். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன். "ஏம்மா, நில்லு. அந்த மூஞ்சியக் கழட்டு. யாருன்னு பாக்கணும்."

முந்தைய வாரம் பெட்ரோல் நிலையக் கடையில் முகமூடி அணிந்தவன் கொள்ளையடித்ததைக் காரணமாகச் சொன்னார். கொள்ளைக்காரன் ஆறடி உயர ஆண் என்று செய்தித்தாளுக்குச் சொன்னது தங்கள் அலுவலகம். நானோ அவர் தோளுக்கும் வராத பெண். நெஞ்சில் பந்தய எண் குத்தியிருந்தது.

5. ஓட்டத்தின் தலைவராகக் குதிரையில் வெள்ளைக் கொடியோடு வந்த திரு. உர்பான் விட்ரின் இறங்கி வந்து, "தம்பி, இது எங்க ஊருப் பிள்ளைதான். நான் பொறுப்பு. விட்டுருப்பா" என்று கேட்டுக்கொண்டார். அதிகாரி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற அவருடைய ரோந்து வண்டியின் மறுபக்கம் வந்து காட்டுகிறேன் என்று நான் சொன்னேன். அதற்கு அவர், "இங்கயே கழட்டு. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

கழற்றினேன்.

ஓட்டக்காரர்களுக்காகச் சாலையோரத்தில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தவர் வில்லைக் கீழே இறக்கினார். கடைவாசலில் வெளியூர்க் குடும்பங்கள் பல நின்றிருந்தன. ஒரு குழந்தை அழத் தொடங்கியது, அதன் தாய் அதைத் திருப்பித் தோளில் போட்டுக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை. திரு. ஸ்டெல்லி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் காலணியைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "சரி சரி, போட்டுக்கம்மா. நீ போ" என்றார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கு மேல். அவர்களில் ஒருவரைக்கூட அவர் நிறுத்தவில்லை.

6. ஐயா, என் முறையீட்டின் மையம் இதுதான். முகமூடி சட்டப்படி குற்றமென்றால் என் முகத்தைப் பார்த்த பிறகும் அது குற்றமாகவே இருந்திருக்க வேண்டும். ஆபத்தென்றால் எனக்குப் பின்னால் வந்தவர்களையும் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அதிகாரியின் கையில் அன்று சட்டம் இருக்கவில்லை. முதலில் அதிகாரம் காட்ட ஆசை இருந்தது, பிறகு சங்கடம் இருந்தது. அந்தச் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளவே என்னைப் போகச் சொன்னார்.

7. முகமூடியை மீண்டும் அணிந்துகொண்டேன். அவர் அனுமதித்ததற்காக அல்ல, வெயில் சுட்டது. திரு. விட்ரின் பக்கத்தில் வந்து, "ஓதில், குதிரையில ஏறிக்க. வீட்ல விட்டுர்றேன்" என்றார். "குதிரைய ஓரமா நகத்துங்கண்ணே, எனக்கு வழி வேணும்" என்றேன். மீதித் தூரத்தை ஓடி முடித்தேன். ஆனால் செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டிருந்தது. சந்திப்பிலிருந்து பந்தயம் முடியும் நடனக் கூடம்வரை ஒருவரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. கைதட்டினார்கள். சிலர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள், சவ ஊர்வலத்துக்குச் செய்வதுபோல.

8. கூடத்தில் கம்போ பரிமாறும்போது விழாக் குழுவினர் என்னை மேடைக்கு அழைத்து, முன்னறிவிப்பில் இல்லாத 'துணிச்சல் விருது' ஒன்றை அறிவித்தார்கள். மரத்தில் செதுக்கிய பெலிக்கன் பறவை. அதை என் கையில் கொடுக்க அழைக்கப்பட்டவர் திரு. ஸ்டெல்லியேதான். அவர் என் தோளில் கைபோட்டார். சாப்பாட்டுக்காக நான் முகமூடியைக் கழற்றியிருந்தேன். அப்படியே படம் எடுக்கப்பட்டது. அன்று மாலையே அது தங்கள் அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் 'எங்கள் அதிகாரியும் ஒரு வீராங்கனையும்' என்ற தலைப்போடு வெளிவந்தது. சந்திப்பில் நடந்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதைப் பகிர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். முன்பின் அறியாதவர்கள் என் பெயருக்குக் கீழே 'பாவம்' என்றும், திரு. ஸ்டெல்லியின் பெயருக்குக் கீழே 'தங்கமான மனசு' என்றும் எழுதியிருக்கிறார்கள்.

9. படத்தை நீக்கக் கோரி மறுவாரம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். வரவேற்பில் இருந்த பெண்மணி, "நல்ல போட்டோதானேக்கா. எவ்வளவு பேர் பாராட்டியிருக்காங்க, பாருங்க. இதப் போய் எடுக்கச் சொல்றீங்களே" என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். அந்த அன்புக்கு எதிராக யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பினேன். இம்மனு அதனாலேயே தங்களுக்கு நேரடியாக எழுதப்படுகிறது.

10. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன். அப்படம் உடனடியாக நீக்கப்பட வேண்டும். சந்திப்பில் நடந்தது நடந்தபடியே திரு. ஸ்டெல்லியின் பணிக்குறிப்பில் பதியப்பட வேண்டும். அவர் வேலை போக வேண்டுமென்று நான் கேட்கவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஓட்டக்காரர்களைச் சோதிப்பது அவசியமென்று தாங்கள் கருதினால், புறப்படும் இடத்திலேயே, மறைவாக, எல்லோரையும் ஒன்றுபோலச் சோதிக்கட்டும். நானும் வரிசையில் நிற்பேன். பாதி வழியில் எவரையும் மறிக்கக் கூடாது என்று அடுத்த ஆண்டுக்கு முன் எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். மரப் பெலிக்கனை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதைக் கொடுத்தவர் தங்கள் அதிகாரி என்பதால் தங்களிடமே சேர்க்கிறேன். அவரோடு துணிச்சலாக நடந்துகொள்ள வேண்டிய நிலை எனக்கு வந்திருக்கவே கூடாது.

11. இறுதியாக ஒன்று. இது தங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்பதை அறிவேன். ஆனாலும் அரசாங்கக் கோப்பு ஒன்றிலாவது இருக்கட்டும் என்று எழுதுகிறேன். விருது கொடுக்கும் அவசரத்தில் மேடையில் அறிவிக்க மறந்துவிட்டார்கள். அதன்பின் இன்றுவரை என்னைப் பாராட்டிய எவரும் கேட்கவுமில்லை. அன்று நான் பெண்களில் மூன்றாவதாக வந்தேன்.

தங்கள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ஓதில் வெரெட்

இடம்: குலே நுவார்
நாள்: 21 அக்டோபர் 2019

இணைப்பு: மரப் பெலிக்கன் ஒன்று.