விழுமியக் கொப்பியில் கையொப்பம்

நோன்பு 4, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. யூனிபோர்ம் காயவில்லை, ஈரத்தோடு அயன் பண்ணினேன். தலையிடி வேறு.

ஊரில் நம்முடைய பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் நோன்பு லீவு. சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஹனா மூன்றாம் வகுப்பு, முட்டு வருத்தம், ஆஸ்துமா உள்ள பிள்ளை. இந்த வருஷம் நோன்பு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரம் அவளும் எழும்பிவிட்டாள், தண்ணீர் விடாயாம். வாழைப்பழமும் வேண்டுமாம்.

டிபனில் இடியப்பம், முட்டைப் பொரியல். பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. கழுவியும் இருந்தது! எட்டு வயதில் இவள் ஒரு கோப்பை கழுவி நான் கண்டதில்லை.

நோன்பு 5, செவ்வாய்

இன்றும் கழுவிய பெட்டி.

"சாப்பிட்டியா மகள்?"

"ஓம் உம்மா."

முகத்தைப் பார்க்காமல் ஓர் ஓம். நோன்பு துறக்கும்போது மூன்று கோப்பை கஞ்சி, நாலு ரோல்ஸ். பகலில் சாப்பிட்ட பிள்ளையின் பசியா இது?

மச்சி வந்திருந்தாள். ஹனாவின் வாப்பாவுக்குத் தங்கை, அடுத்த வீடு. "சிஸ்டர்மாருக்கு இப்ப தவக்காலம். சாப்பாட்ட விடச் சொல்லிக் குடுப்பாங்க. நான் அப்பவே சொன்னன்தானே?"

சொன்னாள்தான். அவரும் கட்டாரிலிருந்து வேண்டாம் என்றார். ஒழுக்கம், இங்கிலீஷ் என்று அடம்பிடித்துச் சேர்த்தது நான். பிள்ளை கைவிட்டுப் போனால் பழி எனக்குத்தான்.

நோன்பு 6, புதன்

அஸர் தொழுகைக்குப் பிறகு ஹனா குர்ஆன் ஓதப் போனதும் பையைத் திறந்தேன்.

இஸ்லாம் பாடத்துக்குத் தனி டீச்சர். சரி. மற்றப் பாடங்களில் என்ன நடக்கிறது? காலையில் 'நன்றி சொல்லும் நிமிடம்' என்று கண்ணை மூடுகிறார்களாம். யாருக்கு நன்றி?

விழுமியக் கொப்பி என்று ஒன்று. வாரத்துக்கு ஒரு விழுமியம், இந்த வாரம் பகிர்தல். 'இன்று நான் கொடுத்தது' என்று தலைப்பு. கீழே கோணல் எழுத்தில்: 'ஷெரினுக்கு என் சாப்பாடு.' திங்களும் அதே. செவ்வாயும் அதே.

ஒவ்வொன்றுக்கும் கீழே பெற்றார் கையொப்பம். என்னுடையது. கஞ்சிக்கும் அடுப்புக்கும் நடுவில் வாசிக்காமலே போட்டுக் கொடுத்திருக்கிறேன். பாவி.

பள்ளிக்கூடத்தை விட்டு எடுக்க விடுகைப் பத்திரம் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். ஹனாவிடம் மூச்சு விடவில்லை.

நோன்பு 7, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். கடிதம் ஹேண்ட்பேக்கில். வகுப்பு சிஸ்டர் உட்காரக் கதிரை தந்தார். நான் இருக்கவில்லை.

"முஸ்லிம் பிள்ளையளுக்கும் தவக்காலமா சிஸ்டர்?"

அவர் முழித்தார். "இல்லையே. ஹனா நோன்பெல்லோ? உம்மா ஓம் எண்டு சொல்லிட்டா எண்டு அவதான் சொன்னவ. அதால நாங்க இடைவேளையில வெயில்ல ஓட விடாம லைப்ரரியில இருத்தி வெச்சிருக்கிறம். சாப்பாட்ட ஷெரினுக்குக் குடுக்கிறா. மற்றாக்கள்ட பெட்டியக் கழுவித்தான் குடுக்கணும் எண்டு ஷெரின்ட அம்மா பழக்கியிருக்காவாம்."

தண்ணீர் விடாய். வாழைப்பழம். நாலு நாளாய் ஸஹர் செய்திருக்கிறாள் கள்ளி, என் கண்ணுக்கு முன்னால்.

"கொப்பியில எழுதியிருந்தாவே. நீங்க வாசிச்சுத்தானே கையொப்பம் வெச்சிருப்பீங்க?"

"ஓம் சிஸ்டர்," என்றேன். நோன்பு வாயால் ஒரு பொய்.

கடிதத்தை எடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

வீட்டில் கத்தினேன். "முட்டு எடுத்தா என்ன செய்யிறது? ஏன்டி என்னட்டக் கேக்கல்ல?"

"கேட்டா வேணாம் எண்டுவீங்க."



நோன்பு 9, சனி

விட்டுப்பிடித்தேன். ஹனாவுக்குச் சனி, ஞாயிறு மட்டும் நோன்பு, முட்டு எடுத்தால் இழுக்கிற பம்ப் கைக்கெட்டும் இடத்தில். முட்டு எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மச்சிக்கு நடந்ததைச் சொன்னேன். "சிஸ்டர் சொன்னதெல்லாம் உண்மையெண்டு எப்பிடித் தெரியும்?" என்கிறாள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

நோன்பு 12, செவ்வாய்

கறிவேப்பிலை முடிந்தது. சமையல் காஸுக்குப் பதிய வேண்டும்.

ஹனா ஓதப் போனதும் பையைத் திறந்தேன், நேற்றும்தான். ஒன்றும் இல்லை. பென்சில் பெட்டி, பாதி றப்பர், ஷெரின் வரைந்த மீன். டிபனில் அரைவாசி இடியப்பம் மிச்சம். எல்லாவற்றையும் இருந்தபடி வைத்தேன்.

நோன்பு 13, புதன்

கடல் காற்று, முற்றமெல்லாம் மணல். கடலை வடைக்கு மா அரைத்துக்கொண்டிருக்கும்போது ஹனா கொப்பியை நீட்டினாள். "உம்மா, கையொப்பம்."

இந்த முறை கையைத் துடைத்துவிட்டு வாசித்தேன். இந்த வார விழுமியம் மன்னித்தல். 'இன்று நான் மன்னித்தவர்' என்று தலைப்பு.

'என் உம்மா. நான் ஓதப் போனதும் என் பையைத் திறந்து பார்க்கிறா. நோன்பு பிடித்துக்கொண்டே பார்க்கிறா.'

பேனையைத் தேடினேன், மேசையில், ஜன்னலில், அலுமாரிக்கு மேல்.

"இந்தா கிடக்கு உம்மா," என்றாள்.