எத்தனை மணிக்குப் பசிக்கும்

மே 6, 1963. திங்கள்

வெயில். தண்ணீர்ப் பஞ்சம், குழாயை நிறுத்தும் நாள். பெண்கள் வாளியோடு வரிசை, நான் பிரம்பில்லாத போலீஸ்காரி. கமலா இரண்டு வாளி நிரப்பி ஒன்றைச் சின்னதுகளுக்குக் கொடுத்தாள். நல்ல பெண்.

விடுதித் தலைவி (இனி வி.த., கை வலிக்கிறது) ஒரு தாளை நீட்டினார். பதினெட்டு முடிந்து வெளியே போகும் பெண்களுக்கு மார்க் போட வேண்டுமாம். சமையல், தையல், பஸ் ஏறுதல், கடிதம் எழுதுதல், சுத்தம், ஒழுக்கம். மொத்தம் நூறு.

"வெளியில போய்ப் பிழைக்குங்களோ எண்டு கமிட்டிக்குக் காட்ட வேணும். இந்த மாசம் புஷ்பம், பிறகு கமலா. வடிவா மார்க் போட்டுத் தாங்கோ."

எனக்கு நானே போட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் தேறவில்லை. பக்கத்துத் தேக்கா சந்தையைத் தாண்டி எங்கே போயிருக்கிறேன். இருபது வருஷமாக இதே அநாதைப் பெண்கள் விடுதியில் மேற்பார்வை, இதே மேல்மாடி அறை. ஜூன் மாதம் விடுதியே ஊரின் மறுகோடியில் உள்ள காத்தோங்கிற்கு மாறுகிறது, அப்போது பஸ் பழகிக்கொள்ளலாம்.

மே 8. புதன்

புஷ்பத்துக்குப் பரீட்சை. நாலு வயதில் வந்தவள். முதல்நாள் என் சேலைத் தலைப்பை விடவே இல்லை.

அண்டாவில் சோறு, ரசம், கத்தரிக்காய்ப் பிரட்டல். விடுதிக்கே வடித்துக் கொட்டினாள், ஒரு பருக்கை குழையவில்லை. காஜா எடுத்தாள், எந்திரம் போட்ட மாதிரி. பஸ்ஸில் என்னைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். (மார்க் யாருக்கு?)

ரசம் மணத்தில் எனக்கே நாக்கு ஊறியது. "உட்காருடி, நீயும் ஒரு வாய் சாப்பிடு" என்றேன்.

"மணி அடிக்கலையே அக்கா."

சிரித்துவிட்டேன். ஒழுக்கத்துக்கு முழு மார்க். மொத்தம் நூற்றுக்கு நூறு. வி.த.வுக்கு வாயெல்லாம் பல்.

மே 18. சனி

புஷ்பம் போனாள். தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் பலகை அடைத்த அறை. தையல்கடையில் காஜா, பட்டன் வேலை. தகரப் பெட்டி, விடுதி கொடுத்த மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பாய். வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். "போ" என்று நான் சொன்ன பிறகுதான் நடந்தாள்.

அழவில்லை. நான்தான் அழுதேன், குளியலறையில். குழாயில் தண்ணீர் இல்லை, முகம் கழுவ முடியவில்லை.

வாங்க வேண்டியது: நீலம், சீயக்காய், தலைவலித் தைலம்.

மே 27. திங்கள்

தையல்கடைக்காரர் வந்தார். "பொண்ணு கை தங்கம்லா. ஆனா வெள்ளிக்கிழமை மெசின் மேலயே மயங்கி விழுந்துருச்சு. சாப்பாடே இல்லைபோல. நான் சம்பளத்துல ஒண்ணும் பிடிக்கல அம்மா, கோயில்ல சத்தியம் பண்றேன்."

அவர்மேல் குற்றமில்லை. நாளை போகிறேன்.

மே 28. செவ்வாய்

போனேன். வீட்டுக்கார பாக்கியம் அம்மாள் படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"வந்த அன்னைக்கு என்கிட்டப் பெரிய சட்டி கேட்டு வாங்கிச் சோறு வடிச்சுச்சு பாருங்க, மாடி பூரா சாப்பிட்டோம். என்னடி கல்யாணமான்னு கேட்டேன். இதுக்குக் குறைச்சு வடிக்கத் தெரியாதுங்குது. அப்புறம் அடுப்பே பத்த வைக்கல. நான் கூப்பிட்டா வந்து சாப்பிடும். நான் மகள் வீட்டுக்குப் போயிட்டா அன்னைக்குப் பட்டினி."

புஷ்பம் பாயில் நேராக உட்கார்ந்திருந்தாள். அறை துடைத்துவைத்த மாதிரி. சுத்தத்துக்கும் முழு மார்க் போட்டேனே, சும்மாவா. பக்கத்தில் ரொட்டி, பிரிக்காமல்.

"ஏன்டி சாப்பிடல?"

"யாரும் சொல்லல அக்கா."

"யாரு சொல்லணும்? பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே."

கேலியில்லை, நிஜமாகவே கேட்டாள்: "எத்தனை மணிக்கு அக்கா பசிக்கும்?"

ஒரு டம்ளர் அரிசி, இரண்டு டம்ளர் தண்ணீர் என்று காட்டிக்கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் மற்றதை எப்படிக் காட்டிக்கொடுப்பது. வெந்ததும் தட்டை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "சாப்பிடு" என்றேன். சாப்பிட்டாள்.

பதினாலு வருஷம் நாங்கள் வளர்த்த லட்சணம்.

மே 29. புதன்

வி.த.விடம் சொன்னேன், இரண்டு மாதம் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று.

"பதினெட்டு முடிஞ்ச பிள்ளையை வச்சிருக்க ஏலாது. நீங்கள்தானே நூறு போட்டனீங்கள்?"

தலைவலி. தைலம் வாங்க மறந்தாயிற்று.

ஜூன் 3. திங்கள்

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது பார்த்தேன். எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் புஷ்பம். மடியில் சோற்றுப் பொட்டலம். பஸ் வந்தது, போனது, ஏறவில்லை. ஆறுக்கு நம் சாப்பாட்டு மணி அடித்தது. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 7. வெள்ளி

தினமும் வருகிறாள். காலை மணிக்கும் வருகிறாளாம், காவல்காரர் சொன்னார். கன்னத்தில் கொஞ்சம் சதை. கடைக்காரருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களோ, பழகிட்டுதெல்லோ" என்கிறார் வி.த. எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. வயிறு நிறைகிறதே, அதுபோதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஜூன் 14. வெள்ளி

மூட்டை கட்டல். திங்கட்கிழமை லாரி. பாத்திரம், பாய், அலமாரி. புழுக்கம், இடுப்பு ஒடிகிறது.

புஷ்பத்திடம் சொல்லிவிடலாம் என்று சாலையைக் கடந்து போனேன். "இனிமே இங்க..." என்று ஆரம்பிக்கும்போது மணி அடித்தது. பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். சாப்பிடுகிறவளிடம் எப்படிச் சொல்வது. "மீன் நல்லாருக்கு அக்கா" என்றாள். திரும்பி வந்தேன்.

ஜூன் 15. சனி

மத்தியானம் மணியைக் கழற்றிச் சாக்கில் கட்டிவிட்டார்கள். பாத்திரமும் கட்ட வேண்டும் என்று பெண்களைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டு ஐந்தரைக்கே சாப்பாடு போட்டாயிற்று.

ஆறு மணி. மாடியில் நின்று பார்த்தேன். அவள் வந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் பொட்டலம். ஆறேகால். நம் வாசலையே பார்க்கிறாள். ஆறரை. அப்படியே.

பொறுக்கவில்லை. கீழே ஓடிச் சமையலறையில் கட்டாமல் கிடந்த தட்டையும் கரண்டியையும் எடுத்தேன். வாசலில் நின்று கை கடுக்க அடித்தேன். அங்கே பொட்டலம் பிரிந்தது.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினேன். பெண்கள் எல்லோரும் வரிசையாக, மூட்டையிலிருந்து உருவிய தட்டோடு. ஒரு மணி நேரத்துக்கு முன்தான் சாப்பிட்டவர்கள். ஒருத்தியும் ஏனென்று கேட்கவில்லை.

வரிசையில் முதலில் கமலா. திங்கட்கிழமைக்குள் அவள் மார்க் வேண்டுமாம் வி.த.வுக்கு.