வடக்கு என்று சொன்னேன்

நவம்பர் 18, 2047. காலை 5.10
காந்தமானி: 40,212 நானோடெஸ்லா. வழக்கமான அளவு. வானம் மூட்டம்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரெக்ஸ்லின், பிளஸ் ஒன், தங்கச்சிமடம். பள்ளியின் காந்தமானி எங்கள் மாடியில் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தை அளந்து எழுதுவது என் வேலை. முந்தாநாள் சூரியன் வீசிய பிளாஸ்மா மேகம் இன்று வந்து சேரும்.

காலை 5.45
பிளாஸ்மா, பதினைந்து லட்சம் கிலோமீட்டர் முன்னால் நிற்கும் செயற்கைக்கோளைத் தொட்டுவிட்டது. பிளாஸ்மாவுக்குள் இருக்கும் காந்தப்புலம் தெற்கு நோக்கினால் பூமியின் புலத்தோடு பிணைந்துகொள்ளும், காந்தப்புயல் வரும். வடக்கு நோக்கினால் பெரும்பாலும் விலகிப் போய்விடும்.
அப்பா படகுத்துறையில், ஜெட்டியில் கட்டிய படகில் காத்திருக்கிறார். வாக்கி-டாக்கியில் கேட்டார்: “என்ன பாப்பா, போலாமா வேண்டாமா? மரியதாஸ் சித்தப்பா உன்னைய வானிலை மேடம்ங்கிறான்.”
தரவு வந்தது. வடக்கு.
“போங்கப்பா” என்றேன்.

காலை 6.30
40,290. சின்னத் துள்ளல். அவ்வளவுதான்.

காலை 11.20
தெற்கு. முழுக்கத் தெற்கு.
பிளாஸ்மாவுக்குள் புலம் கயிறுபோல முறுக்கிக் கிடக்கும்; முன்பாதி வடக்கு என்றால் பின்பாதி தெற்காகலாம். புத்தகத்தில் அந்த வரிக்கு நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன். காலையில் நினைவுக்கு வரவில்லை.
“அப்பா, திரும்பிடுங்க. அரை மணி நேரத்துல ஜிபிஎஸ் கெட்டுப்போகும்.”
“வலை கெடக்கு பாப்பா. ஏத்திட்டு வர்றோம்.”

மதியம் 12.15
39,400. இறங்கிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் இல்லை.
“ஜிபிஎஸ்ஸப் பாத்தா படகு மதுரையில நிக்குது” என்றார் அப்பா. பின்னால் சித்தப்பா குரல்: “அப்ப ஆளுக்கொரு ஜிகர்தண்டா சொல்லுங்கண்ணே.”
சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சூரியன் தெரியாத நாள். திசை சொல்லும் வாடைக்காற்றும் செத்துப்போச்சு என்கிறார் அப்பா. ஜிபிஎஸ் வந்த பிறகு படகில் திசைகாட்டி வைப்பதில்லை. இலங்கை எல்லைக்கோடு அவர்களுக்குப் பக்கத்தில்தான். தாண்டிப் போனவர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை.

மதியம் 1.40
38,100. பழைய பதிவுகள் எதிலும் இப்படியோர் எண் இல்லை. செல்போன் செத்துவிட்டது. செயற்கைக்கோளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் வடக்கு என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.

மதியம் 2.25
“பாப்பா, ஜிபிஎஸ்ஸுக்கு உசுரு வந்துருச்சு. நேரா நம்ம ஜெட்டியக் காட்டுது. பனை தெரியுது. அம்மாவ சோத்துக்கு ஒலைய வைக்கச் சொல்லு.”
வாக்கி-டாக்கியோடு ஜெட்டிக்கு ஓடுகிறேன்.

மதியம் 2.40
ஜெட்டி நுனியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணுக்கு எட்டிய வரை கடலில் ஒரு படகும் இல்லை.
“அப்பா, அது நம்ம கரை இல்ல. திரும்புங்க.” மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை கத்தினேன். என் குரல் அங்கே போகவில்லை. அவர் குரல் மட்டும் இரைச்சலுக்குள்ளிருந்து வருகிறது.
“கரையில யாரோ கையாட்டுறாங்க. பாப்பா, நீயா?”