பன்னிரண்டாவது வெள்ளைக் கோடு

இன்று காலை கோயில் பக்கத்துப் பாரிட்டில், அந்தப் பழைய வடிகாலில்தான், மண்வாரி வாளியை இறக்கித் தூக்கினேன். சாம்பல் களிமண்ணோடு அழுகின முட்டை நாற்றமும் மேலே வந்தது. "கடல் குசு விட்டிருச்சுடா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வாயே, அதே நாற்றம். பழக்கதோஷத்தில் உன்னைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பினேன். நீ இல்லை. இருந்திருந்தால் சிரித்திருக்கவும் மாட்டேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

நீ எஸ்டேட் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவன்; நான் மண்வாரி ஓட்டுகிறவன். செம்பனை மரங்களுக்கு நடுவே பாரிட் வெட்டும் நாளெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பாய். வெட்டிப் போட்ட மண்ணில் இரண்டு பேரும் குனிந்து தேடுவோம். சிப்பி, நண்டு ஓடு, கறுத்துப்போன சுறாப் பல். ஒரு காலத்தில் கடல் இங்கேதான் கிடந்தது என்று எனக்கு முதலில் சொன்னது அந்த வாளிதான். கிடைத்ததையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தோம். ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு: எந்தப் பாரிட், எத்தனை அடி. மண்வாரியின் கையில் அடிக்கு ஒன்றாக வெள்ளைக் கோடு போட்டிருந்தேன். எத்தனையாவது கோடுவரை சேறு ஒட்டியிருக்கிறதோ அதுதான் ஆழம். நான் பார்த்துச் சொல்வேன், நீ எழுதுவாய். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமாம். "நீ தோண்டு, நான் எழுதறேன். நமக்குள்ள என்னலா" என்பாய். நம்பினேன்.

அந்தத் திருக்கைப் பல் தகடு வந்த அன்று, "என்னடா, எவனோ சீப்பைத் தொலைச்சிட்டுப் போயிருக்கான்" என்றாய். வரிவரியாக, கறுப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது.

"சீப்பு இல்லடா, திருக்கை வாய். சிப்பியெல்லாம் இதாலதான் நொறுக்கும்" என்றேன். வீட்டில் மீன் வாங்கினால் அரிந்து கொடுக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? வாளிப் பல் பட்டு அது இரண்டாக உடைந்திருந்தது. பெரிய பாதியை நீ எடுத்துக்கொண்டாய், சின்னது எனக்கு. கோயில் பாரிட், பன்னிரண்டடி என்று என் கண்ணெதிரே நீயேதான் எழுதினாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது கூடத்துச் சுவரில் அந்தச் சான்றிதழைப் பார்த்தேன். ஏதோ பல்கலைக்கழகம் கொடுத்தது. பெரிய பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு நீ சிரிக்கிற படம். கீழே மலாயில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண்டெடுத்தவர், நீ மட்டும். இடம், உன் வீட்டுப் பின்பக்கப் பாரிட். ஆழம், மூன்றடி.

"அவரே மண்வெட்டியால தோண்டி எடுத்தாராம். உங்ககிட்ட சொல்லியிருப்பாருல்லண்ணே" என்றார் உன் மனைவி.

"சொன்னாரும்மா" என்றேன். பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

பேரை நீ எடுத்துக்கொண்டதைக்கூட விட்டுவிடுவேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன், மடையா. ஆழத்தில் ஏன்டா கை வைத்தாய்? யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மண்வெட்டி பிடித்தவன் பன்னிரண்டடி என்று சொன்னால் எவன் நம்புவான்? என்னை எடுத்துவிட்டால் என் மண்வாரியையும் எடுக்க வேண்டும். அதற்காக ஒன்பதடி மண்ணைப் பேனாவாலேயே வழித்துப் போட்டுவிட்டாய். ஆழம் மாறினால் காலமே மாறிவிடும் என்று எனக்குச் சொன்னவன் நீதானே.

போன வாரம் சான்றிதழ் கொடுத்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். உன் வீட்டுப் பின்னால் வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார். எஸ்டேட்டில் மண்வாரிக்காரன் நான் ஒருவன்தான், என்னையே கூப்பிட்டார்கள். மூன்றடி வெட்டினேன். பழுப்பு மண், செம்பனை வேர், ஒரு பிய்ந்த செருப்பு. ஐந்தடி போனேன், ஒன்றும் இல்லை. இடம் உறுதியாகாவிட்டால் அந்தத் தகட்டை ஆய்விலிருந்து ஒதுக்கிவிடுவோம் என்று அந்த அம்மா மலாயில் சொன்னார். உன் மனைவி தேநீர்த் தட்டோடு வந்து நின்றார்.

"என்னண்ணே, இங்கதானே எடுத்தாரு?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். "எழுதறப்ப இடம் மாறிப்போச்சும்மா. அவருக்கு அப்ப வேலை ஜாஸ்தி" என்றேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அது.

அதனால்தான் இன்று அந்த அம்மாவைக் கோயில் பாரிட்டுக்குக் கூட்டிப் போனேன். பன்னிரண்டாவது கோடு சேற்றில் முங்கியதும் நாற்றம் வந்தது, சிப்பி வந்தது, கூடவே இரண்டு சுறாப் பல்லும் வந்தன. சட்டைப் பையிலிருந்து என் பாதியை எடுத்துக் கொடுத்தேன். தான் கொண்டுவந்திருந்த உன் பாதியோடு அவர் அதைச் சேர்த்துப் பார்த்தார். வரியோடு வரி பொருந்தியது. பிறகு புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, யார் கண்டெடுத்தது என்று கேட்டார்.

"பேனாவைக் குடுங்க, நான் எழுதறேன்" என்று மலாயில் கேட்டு வாங்கினேன். கோழி கிளறின எழுத்துதான். கோயில் பாரிட், பன்னிரண்டடி என்று எழுதி அடியில் என் பேரை எழுதினேன். பேனா அங்கேயே நின்றது. அவர் கை நீட்டியும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியில் எனக்குக் கீழே உன் பேரையும் எழுதினேன்.

தகட்டின் என் பாதியை அவரிடமே விட்டுவிட்டேன். கோபம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன்னை மன்னித்து எழுதவில்லை. அன்று நீயும் அங்கே நின்றாய், அதனால் எழுதினேன்.