சிட்டு நீதிபதியிடம் சொன்னது

மாப்பிள்ளைக்கு,

மாமியார் எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டுமாம், கேட்டுவிட்டேன். இது என் மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் உங்களோடு சேர்த்து என்னையும் தலைமுழுகிவிடுவாள்.

ஊர் மாறி வந்தபின் குறை ஒன்றுமில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வேலை. மாடியில் ஒரே அறை. கீழே தையல் கடை, பகலெல்லாம் மிஷின் கடகடக்கிறது. சிட்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. புதுப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டாள்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கிறது என்று வாசலோடு திரும்பினீர்களே, அன்று போட்டிருந்த சட்டையின் நிறம்கூட நினைவிருக்கிறது. கோர்ட் வாசலில், "எல்லாம் இந்தக் கிழவி ஆட்டுற ஆட்டம்" என்றதும்தான். செத்தாலும் விடமாட்டேன். ஆனால் அது நமக்குள். இது வேறு.

பிள்ளை தாயிடம், ஞாயிறுதோறும் தகப்பன் வந்து பார்க்கலாம் என்று தீர்ப்பு. "தூக்கிட்டுப் போனவளே கொண்டாந்து காட்டட்டும்" என்கிறீர்கள். "வேணும்னா வரட்டும்" என்கிறாள் இவள். வீம்பில் மட்டும் என்ன பொருத்தம்!

சிட்டு ஞாயிறானால் செருப்பு மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். யாருக்கும்மா காத்துக்கிட்டிருக்கே என்று போன வாரம் தையல்காரர் கேட்டாராம். "அப்பாவுக்கு. ஆனா வரமாட்டாரு, எம்மேல கோவம்" என்றாளாம்.

மடியில் போட்டு விசாரித்தேன். நீதிபதி அம்மா தனியே கூப்பிட்டு, யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று கேட்டாராம். "அம்மாகூட. அப்பா குறட்டை விடுவாரு" என்று சொன்னாளாம். அதனால்தான் நீங்கள் வரவில்லை என்று அந்தப் பிஞ்சு மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறது. "குறட்டை விட்டாலும் பரவால்லன்னு அப்பாகிட்ட சொல்லு பாட்டி" என்கிறாள். உன்னால் இல்லையடி என்று நான் சொன்னால் எடுபடவில்லை. உங்கள் வாயால் கேட்டால்தான் அடங்கும்.

ஃபோனில் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதையும் மறக்கமாட்டேன்.

வரும் ஞாயிறு வாருங்கள். என் மகளை நான் பார்த்துக்கொள்கிறேன். என் முகம் பிடிக்காவிட்டால் நீங்கள் போகும்வரை தையல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், போதும்.

சொல்ல மனசு வரவில்லைதான். ஆனாலும் சொல்கிறேன், நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
சிட்டுவின் பாட்டி